நுமிசியஸின் சகுனக் கோழிகள்

ரோமாபுரியில் சகுனக் கோழி வளர்த்த நுமிசியஸ் ஒரு படுபாவி. கோழிகள் ஆவலாய்த் தீனி கொத்தினால்தான் படை புறப்படும். பிடித்த தளபதி வந்தால் முந்தின நாளே கோழிகளைப் பட்டினி போடுவான். பிடிக்காதவன் வந்தால் விடியுமுன் வயிறு முட்டத் தீனி வைத்துவிடுவான். இந்தச் சூது அவன் மனைவி ஓப்பியாவுக்கு மட்டும் தெரியும். வாய் திறந்தால் அடி விழும்.

அப்படிப்பட்டவன் கடுங்காய்ச்சலில் விழுந்தான்.

"கூண்டை இங்க கொண்டு வாடி. நான் பொழைப்பேனான்னு பார்ப்போம்."

ஓப்பியா கூண்டைத் திறந்து கட்டிலருகே தானியத்தை இறைத்தாள். ஒரு கோழிகூடச் சீந்தவில்லை.

நுமிசியஸின் முகம் வெளிறியது. "ஏண்டி, நேத்து பட்டினி போடலையா?"

"விடியறதுக்குள்ள வயிறு முட்டப் போட்டேன்யா. யாருக்குச் சகுனம் பாக்குறோம்னு எனக்குத் தெரியாதா?"