அகுலினா நகரத்துக்கு வண்டியெடுத்த கதை

புதன்கிழமை காலை தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டிய காவ்ரில், கோப்பைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தான். இரவு வேலை முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த அகுலினா, விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள்.

"லைட்ட அணைச்சியா, கிழவி?" என்றான்.

"எரியுதே."

"அப்ப இந்தக் கறுப்புத் துணி என்ன? வலது பக்கம் தொங்குது பாரு."

எந்தத் துணியும் இல்லை. அகுலினா கழற்றிய ரோமத்தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

குயேல் என்ற அந்த வடகோடிப் பனி ஊரில் ஆஸ்பத்திரி என்றால் நான்கு கட்டிலும் குன்னெய் என்ற இளம் டாக்டரும்தான். குன்னெய் காவ்ரிலின் வலது கண்ணுக்குள் நெடுநேரம் ஒளி அடித்துப் பார்த்தாள். கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய சவ்வு உரிந்து வருகிறது என்றாள். நகரத்தில் அறுவை செய்தால் காப்பாற்றலாம். மூன்று நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குமேல் தன்னால் உறுதி சொல்ல முடியாது. பிறகு இடது கண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இது எப்பப் போச்சு?" என்று கேட்டாள்.

"அது பழசு" என்றான் காவ்ரில். அகுலினா அவன் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருடம் அவன் மனைவியாக ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தவளுக்கு அந்தப் பழசு தெரியாது.

அகுலினாவுக்கு நாற்பத்தாறு வயது. குதிரை மேய்ப்பவர்களின் மகள். இருபத்தேழு வயதில் ஊர் பாய்லர் கூடத்தில் நிலக்கரி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். ஆண்கள்கூட இரண்டு குளிர்காலத்துக்கு மேல் தாங்காத வேலை அது. ஊரின் வீடுகளுக்கும் பள்ளிக்கும் போகிற வெந்நீர்க் குழாய்கள் அவள் மண்வாரியை நம்பித்தான் இருந்தன. கார் ஓட்டும் லைசென்ஸ் அவளிடம் இருந்தது. பாய்லர் கூடத்துக்கும் கடைக்குமாக ஓட்டுவாள். மலைக்கு அப்பால் ஒருநாளும் போனதில்லை. அந்தச் சாலை காவ்ரிலுடையது. இருபத்தைந்து வருடம் நகரத்துக்குச் சரக்கு லாரி ஓட்டியவன் அவன். பிள்ளைகள் இல்லை.

விமானம் அடுத்த செவ்வாய்க்குத்தான், அதுவும் பனிப்புகை விலகினால். வெப்பமானி மைனஸ் ஐம்பத்திநாலு காட்டியது. ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் ஆளேற்றக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் வாடகை வேன்கள் ஓடவில்லை. லாரிக்காரர்கள் எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அகுலினா வண்டியோட்ட ஆள் தேடி ஏழு வீட்டுக் கதவைத் தட்டி வெறுங்கையோடு திரும்பினாள்.

"நான் ஓட்டறேன்" என்றாள்.

காவ்ரில் வீட்டுக் கட்டிலில் டாக்டர் சொன்னபடி தலையை அசைக்காமல் படுத்திருந்தான். ஆயிரம் கிலோமீட்டர் என்றான். தெரியும் என்றாள். நடுவில் முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு வீடுகூடக் கிடையாது என்றான். அதுவும் தெரியும் என்றாள். பிறகு, "ஹீட்டரைப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டான்.

அவர்களுடைய பழைய ஜப்பான் ஜீப்பை எப்படித் தயார் செய்வது என்று அவளுக்குப் பெரும்பகுதி தெரியும். வருடா வருடம் அவன் செய்வதைப் பார்த்தவள்தானே. கண்ணாடிகளுக்கு உள்பக்கம் இரண்டாம் கண்ணாடியை ஒட்டினாள். இல்லாவிட்டால் மூச்சுக்காற்றே உறைந்து பாதையை மறைத்துவிடும். எஞ்சினுக்கு மேல் கம்பளிப் போர்வை, ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை. இரண்டு மாற்றுச் சக்கரம். பெட்ரோல் நான்கு பால் கேன் நிறைய. கோடாலி, காய்ந்த விறகு, சுடரைப் பீய்ச்சியடிக்கும் பெட்ரோல் ஊதுவிளக்கு, இழுவைக் கயிறு, தீப்பெட்டிகள் மூன்று தனித்தனி இடங்களில். புகை காட்டுவதற்கென்று கொளுத்த ஒரு பழைய டயர். பின் இருக்கையைச் சாய்த்து, குலுங்கல் தெரியாமலிருக்க இரண்டு கலைமான் தோலும் மெத்தையும் விரித்தாள். வேகவைத்த குதிரைக் கறியையும் ரொட்டியையும் துணியில் சுற்றினாள்.

எல்லாம் முடித்து எஞ்சினைச் சூடாக்கி ஹீட்டரைத் திருகியபோது காலடியில் ஈரம் கசிந்தது. ரேடியேட்டர் திரவத்தின் இனிப்பு நெடி. உள்ளே சூடு கொடுக்கிற சின்ன ரேடியேட்டர் வெடித்திருந்தது. அதைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு வெடிப்பு என்றால் அவளே ஈயம் பற்றவைத்திருப்பாள். பாய்லர் குழாய்களில் அதைவிட மோசமானதை அடைத்தவள். இது கை பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. ஹீட்டர் இல்லாமல் அந்தக் குளிரில் கிளம்பினால் வழியிலிருக்கிற கந்திகா ஊர் வருவதற்குள் இரண்டு பேரும் விறைத்திருப்பார்கள்.

அதே ரக ஜீப் ஊரில் இன்னொருவனிடம் இருந்தது. சூடேற்றிய கொட்டகையும் அவனிடம்தான் இருந்தது. ஸ்பிரிடோன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே போன்றதொரு ஜனவரியில், மலைக்கணவாயில் ஸ்பிரிடோனின் வண்டி நின்றுபோனது. அந்தச் சாலையில் நின்ற வண்டியைக் கடந்து யாரும் போக மாட்டார்கள். எதிரியாக இருந்தாலும் நிறுத்திக் கேட்பார்கள். காவ்ரிலின் லாரி அவனைக் கடந்து போனது. ஸ்பிரிடோன் சாலையோரம் நின்று கை வீசியிருக்கிறான். அடுத்த வண்டி வர ஒன்பது மணி நேரம் ஆயிற்று. இடக்கையில் மூன்று விரல் போயிற்று. நான் பார்க்கவில்லை என்று காவ்ரில் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அகுலினா மட்டும் நம்பினாள். அதற்காகக் கடை வரிசையில் பேச்சுத் துணையில்லாமல் நின்றாள், இரண்டு தோழிகளை இழந்தாள்.

உடைந்த ரேடியேட்டரோடு வீட்டுக்குள் வந்து கட்டிலருகே நின்றாள்.

"இடது கண்ணு எப்பப் போச்சு?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றான். தலையை அசைக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து அப்படியே கிடந்தான். ஸ்பிரிடோன் விஷயத்துக்கு முந்தைய வருடமே என்றான். லைசென்ஸ் பரிசோதனைக்குச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். கண் போனது தெரிந்தால் லாரி போய்விடும். லாரி போனால் அவன் யார்? அன்றைக்கு ஸ்பிரிடோன் நின்றது இடது பக்கம்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"உன்னால பொய் சொல்ல முடியாது. யாராவது கேட்டா சொல்லிடுவ."

அது உண்மைதான் என்பது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அடித்துவிடலாம் போலிருந்தது. அவன் கண்ணுக்குள் துணி இறங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

ஸ்பிரிடோன் வீட்டு மேசையில் உறைந்த மீனைக் கத்தியால் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டிருந்தான். மீனை இரண்டே விரல் மிஞ்சிய இடக்கையின் மணிக்கட்டால் அழுத்திப் பிடித்திருந்தான். அகுலினாவைப் பார்த்து எழவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணை, மூன்று நாளை, ஹீட்டரை. பிறகு அவன் கேட்காததையும் சொன்னாள். பதினோரு வருடத்துக் கதையை, எழுத்து அட்டையோடு சேர்த்து. சொல்லாமல் உதவி கேட்க அவளால் முடியவில்லை.

கத்தி நின்றது.

"அப்ப அவன் பொய் சொல்லல" என்றான் ஸ்பிரிடோன்.

"இல்லண்ணே."

"குருடன் லாரி ஓட்டியிருக்கான். இத்தன வருஷமா. நம்ம பொண்டு பிள்ளைங்க போற ரோட்டுல." ஒரு துண்டு மீனை உப்பில் தோய்த்தான், வாயில் போடாமல் வைத்துவிட்டான். "இது அதவிட மோசம்மா. தெரிஞ்சிக்க."

"தெரியும்ணே."

அவன் எழுந்து ரோமக் காலணியை மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று; ஒரு கை வேலை. அகுலினா உதவப் போகவில்லை. தன்னை வெளியே அனுப்பத்தான் எழுகிறான் என்று நினைத்தாள்.

"வண்டியக் கொட்டகைக்குக் கொண்டா" என்றான். "என் வண்டியோடதக் கழட்டறேன். அவனப் பாக்க வரமாட்டேன். நன்றி கின்றின்னு அவன் வாய்லேர்ந்து எனக்கு ஒண்ணும் வேணாம்."

வியாழக்கிழமை முழுதும் இருவரும் கொட்டகையில் வேலை செய்தார்கள். அவன் தன் ஜீப்பின் முன்பலகையைப் பிரித்து அந்த ரேடியேட்டரை வெளியே எடுத்தான். குளிர்காலம் முடியும்வரை அவன் வண்டி இனி நகராது என்பது இருவருக்கும் தெரியும். அவனுக்கு விரல் இல்லாத இடத்தில் அவள் விரல் வேலை செய்தது. திருகாணி பிடி, குழாயை அழுத்து, போதும் என்பதைத் தவிர அவன் வேறொன்றும் சொல்லவில்லை. கணவாயில் இறங்கும்போது பிரேக்கைத் தொடாதே, கியரால் இறங்கு என்று மட்டும் மாலையில் ஒரு தரம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்புமுன் அடுப்புக்குப் படையல் போட வேண்டும். எப்போதும் காவ்ரில்தான் போடுவான், நெருப்போடு நாலு நல்ல வார்த்தை பேசுவான். அகுலினாவுக்கு வார்த்தை வரவில்லை. வெண்ணெய் தடவிய அப்பத்தைத் தீயில் போட்டு, "நீதான் பாத்துக்கணும்" என்று கடையில் கணக்குக் கேட்பவள் குரலில் சொன்னாள். கண்ணைக் கட்டிய காவ்ரிலைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பின்னால் படுக்கவைத்தாள். இப்போது கறுப்பு பாதிக்கு மேல் இறங்கிவிட்டதாகக் காலையில் சொல்லியிருந்தான்.

வண்டிக்குள் சூடு நின்றது. அவள் பயந்த கணவாயைக் கியரிலேயே தாண்டினாள். ஒவ்வொரு குழியிலும் பின்னாலிருந்து அவன் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. மெதுவாகப் போனால் நேரம் போகும், வேகமாகப் போனால் கண் போகும். எதைச் செய்தாலும் தப்பு என்று பட்டது. மத்தியானச் சூரியன் மலைமுதுகில் சிவந்து நின்ற நேரம், வளைவில் ஒரு லாரி நின்றிருந்தது. விளக்கு இல்லை. புகைக்குழாயில் புகை இல்லை.

ஆக்சிலரேட்டரில் அவள் கால் தானாகத் தளர்ந்ததை அவன் உணர்ந்துவிட்டான்.

"என்ன?"

"லாரி ஒண்ணு."

அவன் காதைத் தீட்டினான். "எஞ்சின் ஓடல. ஆளு எவன் வண்டியிலயாவது ஏறிப் போயிருப்பான். நீ போ."

வண்டியின் வேகம் இன்னும் குறைந்தது.

"அகுலினா, போ. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அவள் வண்டியை ஓரம் கட்டினாள். எஞ்சினை ஓடவிட்டு இறங்கினாள்.

லாரிக்குள் ஆள் இருந்தான். போர்வைகளைச் சுற்றிக்கொண்டு, இருக்கைப் பஞ்சைப் பிய்த்து ஒரு டப்பாவில் எரித்துக்கொண்டிருந்தான்; உதடு ஒட்டிப் பேச்சு வரவில்லை. எரிபொருள் குழாய் உறைந்திருந்தது. முன்னிருக்கை முழுக்கக் கேன்களும் சக்கரங்களும்; அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம் என்றால் படுத்திருக்கிறவனை உட்காரவைக்க வேண்டும். அது டாக்டர் கூடாது என்றது. ஊதுவிளக்கைக் கொளுத்தி, பனியில் மல்லாந்து படுத்து, குழாயை அங்குலம் அங்குலமாகச் சூடாக்கினாள். லாரி உறுமிக் கிளம்ப இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரமெல்லாம் காவ்ரில் கட்டிய கண்ணோடு ஜீப்பில் தனியாகக் கிடந்தான். அவள் திரும்பி ஏறியபோது, "ஆளு இருந்தானா?" என்று கேட்டான்.

"இருந்தான்."

அவள் கியர் போட்டு வண்டியை எடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவள் விரல்கள் ஸ்டீயரிங்கிலிருந்து பிரிய மறுத்தன. அன்றே அறுவை நடந்தது. சவ்வை ஒட்டிவிட்டார்கள். ஆனால் கூர்மையாகப் பார்க்க உதவும் நடுப்பகுதி வருமுன்பே உரிந்திருந்தது என்றார் வயதான கண் டாக்டர். வெளிச்சம் தெரியும். ஆள் நிழல் தெரியும். முகம் தெரியாது.

அகுலினா தாழ்வாரத்தில் அவர் பின்னாலேயே போய், இரண்டரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்ல முடியாதும்மா, என்றார். அந்த நடுப்பகுதி வியாழக்கிழமையே போயிருக்கலாம், வெள்ளிக்கிழமை சாயங்காலமும் போயிருக்கலாம்.

அவள் இதைக் காவ்ரிலிடம் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் என்று அவன் சொன்னாலும், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க அந்தக் குளிர்காலத்தில் பழகிக்கொண்டாள். பாய்லர் கூடத்துக்குத் திரும்பினாள். காவ்ரில் உருளைக்கிழங்கு உரிக்கவும், தொட்டுப் பார்த்து விறகு அடுக்கவும் கற்றான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனைப் பரிசோதனைக்கு அவளே நகரத்துக்கு ஓட்டிப் போனாள்.

அடுத்த வருடம் மே மாதம் ஆற்றுப் பனி உடைந்த அன்று, வாசல்படியில் உட்கார்ந்திருந்தவன் சத்தம் வந்த திசையில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னான்: "அன்னைக்கு நான் போன்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"நீ என்னைக்குத்தான் எம்பேச்சக் கேட்டிருக்க."

சிரிக்கத்தான் முயன்றான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.