கோட்டைச் சுவரில் ஒரு போன் அழைப்பு

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் வெயில் ஏறிவிட்டது. மாலையில் சென்னைத் துறைமுகத்தில் என் மகன் நண்பர்களோடு சொகுசுக் கப்பல் ஏறுகிறான். அதற்கு முன் இந்த இடிபாடுகளைப் பார்க்க வேண்டுமென்று கூட்டி வந்தான். சற்று முன் அவன், என் குரல் எட்டாத தூரத்தில், உடைந்த சுவரின் மேல் நின்றான். "பார்த்து" என்று சொல்லத்தான் போன் செய்தேன். அதை எடுக்கத் திரும்பியவன் சறுக்கி விழுந்தான். முழங்காலில் சிராய்ப்புதான்.

அவன் காலைக் கழுவப் போயிருக்கிறான். சுவர் நிழலில் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருக்கும் மீனவரிடம், மகன் கப்பல் ஏறப்போவதைச் சொல்லி, கடல் இன்று எப்படியிருக்கும் என்று கேட்கிறேன்.

"அந்தக் கப்பலா? அது ஓட்டலு மாதிரி கீதும்மா, ஆடாது. எம் பையனே சின்ன போட்ல போய்கீறான்."

"போன் பண்ணிக் கேட்பீங்களா?"

"நாங்க பண்ண மாட்டோம். வலை இழுக்கசொல்லோ போன் அடிச்சா கை அதுக்குப் போவும், கயிறு நழுவிப்பூடும். கரைக்குத் திரும்பசொல்லோ அவனே பேசுவான்."

"அதுவரைக்கும் பயமா இருக்காதா?"

"இல்லாம இன்னா? அதான் குந்திகினு இத்தக் கட்றேன். இந்த வலைக்கு இப்ப அவசரமே இல்ல."

மகன் நொண்டியபடி வருகிறான். கப்பலிலிருந்து அவனே கூப்பிட்டால் போதும், நான் கூப்பிட மாட்டேன் என்கிறேன்.

"நீயாம்மா?" என்று சிரிக்கிறான்.

துறைமுகம் போய்ச் சேர இரண்டு மணி நேரமாகும். அதுவரை காரில் என் பக்கத்து இருக்கையில்தான் இருப்பான்.