சீனியில்லாத் தேத்தண்ணி

2009இல் லண்டனில் என் வேலை, எலியின் கணையத்திலிருந்து எடுத்த பீட்டா செல்களை வளர்ப்பது. இன்சுலின் சுரப்பவை அவைதான். மாப்பிள்ளை உபசாரம் கேட்கும். வேளைக்கு உணவுத் திரவத்தை மாற்றாவிட்டால் செத்துத் தொலையும். அதனால் ஞாயிறு உட்பட, விடிந்ததும் ஆய்வகத்துக்கு ஓடிவிடுவேன்.

குடியிருந்தது பிளேஸ்டோவில், ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையின் மாடியறையில். ஜெர்மனியிலிருந்து பெயர்ந்து வந்து ஃபாரஸ்ட் கேட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய். ஊசி என்றால் சப்த நாடியும் ஒடுங்கிவிடும். மாத்திரையில் கட்டுப்படாவிட்டால் அடுத்த முறை இன்சுலின் ஊசிதான் என்று கிளினிக் நர்ஸ் சொல்லிவிட்டார். மொழிபெயர்க்கப் போயிருந்தவன் நான்.

“டீக்குச் சீனி போடுறீங்களான்னு கேக்குறாங்க, அண்ணே.”

“சத்தியமாய் இல்லை, தம்பி. மூண்டு வருசமாச்சு.”

கூட வந்திருந்த அவர் மனைவியும் தலையாட்டினார். நான்தான் நிபுணனாயிற்றே, பீட்டா செல்கள் எப்படி அழிகின்றன என்று நர்ஸுக்கே ஒரு பிரசங்கம் செய்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பூஞ்சை பிடித்து என் செல்கள் கூண்டோடு கைலாசம் போயின. வெகுநாளைக்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கு வீட்டில் இருந்தேன். சமையலறையில் அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இடது உள்ளங்கையில் சீனி, குவியலாக. ஒரு நக்கு, ஒரு மிடறு.

“அண்ணே! என்ன இது?”

“சீனி.”

“போடுறதில்லைன்னு சொன்னீங்களே!”

“தேத்தண்ணிக்கை போடுறேல்லைத்தானே, தம்பி. கையிலையெல்லோ வைச்சிருக்கிறன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஊர்ப் பழக்கம் அது. கேட்கத் தெரியாமல் கேட்டவன் நான். கோபம் என்மீது, கத்தியதோ அவர்மீது. அவர் மனைவி சீனியையெல்லாம் அள்ளிக் கடைக்கே திருப்பி அனுப்பினார்.

அன்றோடு அண்ணை சீனியைத் தொடவில்லை. அளவு இறங்கியது, ஆனால் போதவில்லை. ஊசி எழுதிவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அண்ணை கேட்டார்: “எலியின்ரை செல்லுகள் உன்னட்டை வளருதெண்டு சொன்னனீ. எனக்குள்ளை வளராதோ?”

“அதுக்கு இன்னும் வழி தெரியலை, அண்ணே.”

மூன்று வருடம் படித்ததில் அந்த மனிதருக்குச் சொல்ல வேறொரு வாக்கியம் என்னிடம் இல்லை.

முதல் ஊசியன்று பக்கத்தில் நின்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு வயிற்றில் குத்தினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

“பயப்பிடாதை தம்பி, எறும்புக் கடி மாதிரித்தான்.”