இருபத்து மூன்று காலி வரிகள்

முட்டியை மடக்கி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்தால் எண்பது கிலோ ஆளும் சுலபமாகப் புரண்டுவிடுவார். கைசேரி நகரத்து முதியோர் இல்லத்தில் மெலாஹத் பதினெட்டு வருடமாகச் செய்துவந்த வேலை அது. படுக்கைப் புண் வரப்போவதை நர்ஸுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் மருந்து வைக்க அவளுக்கு அனுமதி கிடையாது.

"அதுக்கெல்லாம் படிச்சிருக்கணும் அக்கா. நீங்க போர்வையை மடிங்க" என்றாள் பின்னூர். நர்ஸாக வேலைக்கு வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

மெலாஹத் போர்வையை மடித்து வைத்தாள். மறுநாள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். வயது நாற்பத்து மூன்று.

அரசுப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வை மட்டும் பார்த்து இடம் கொடுப்பதில்லை. பள்ளியில் வாங்கிய மார்க்கையும் சேர்த்துக் கூட்டுவார்கள். மெலாஹத்தின் தெம்பே அதில்தான் இருந்தது. பள்ளியைத் தொண்ணூற்று நான்கு மார்க்கோடு முடித்தவள் அவள். அது ஐம்பத்தாறு புள்ளியாக வந்து சேரும். கணக்கு மறந்துபோன தலைக்கு நல்ல ஊன்றுகோல்.

தேர்வு முடிந்தது. எந்தப் படிப்பு வேண்டும் என்று எழுதும் இணையப் பட்டியலில் இருபத்து நான்கு வரிகள். முதல் வரியில் கைசேரி, நர்ஸிங் என்று நிரப்பிவிட்டு மெலாஹத் வேலைக்குப் போய்விட்டாள். கடவுச்சொல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

அவள் கணவன் ஜெவ்தெத் மினிபஸ் ஓட்டுகிறவன். கடைசி இருக்கை நிரம்பும்வரை வண்டியை எடுக்க மாட்டான். மாமியாருக்கு நெஞ்சு வலி என்று ஏற்றிய அன்றும் இன்னும் ஓர் ஆளுக்காகக் காத்திருந்தவன். அப்படிப்பட்டவன் கண்ணில் இருபத்து மூன்று காலி வரிகள் பட்டால் என்ன செய்வான்? ஒன்று விடாமல் நிரப்பினான்.

முடிவு வந்தது. நர்ஸிங் மூன்று புள்ளியில் போயிருந்தது. இருபத்து நான்காம் வரி கிடைத்திருந்தது.

"ஜெவ்தெத், தேனீ வளர்ப்பு யார் போட்டது?"

"அது கடைசி வரி. காலியா இருந்துச்சு."

"இருந்தா உனக்கென்ன?"

"கண்ணை உறுத்துச்சு. மலை ஊரு, நல்ல காத்து. தேன் உடம்புக்கு நல்லது மெலாஹத்."

"பதினாலு மணி நேரம் பஸ்ல போய்த் தேன் நக்கவா? எதுவும் கிடைக்காம இருந்திருந்தா அடுத்த வருஷம் என் மார்க் முழுசா இருந்திருக்கும். இப்ப போனாலும் போகாட்டியும் பாதிதான். தெரியுமா உனக்கு?"

அவனுக்குத் தெரியாது. விதியைப் படித்தான். ஒருமுறை எங்காவது இடம் கிடைத்துவிட்டால் மறுவருடம் பள்ளி மார்க்குக்குப் பாதி மதிப்புதான். இருபத்தெட்டுப் புள்ளி காற்றில் போயிற்று.

மெலாஹத் அழவில்லை. அழுதால் மூக்குதான் அடைக்கும். கணக்குப் புத்தகத்தை மினிபஸ்ஸில் கொண்டுபோய்க் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

"தினமும் நான் வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும் சிக்னல்ல நீ கேள்வி கேக்குற. நான் பதில் சொல்றேன்."

சிக்கல் பயணிகளால் வந்தது.

"கேப்டன், அது பதினேழு!" என்று பின்னாலிருந்து ஒருவர் ஜெவ்தெத்தைப் பார்த்துக் கத்துவார்.

"கேள்வி எனக்கு, உங்களுக்கில்ல!"

"கோவிச்சுக்காதீங்க தேனீ அக்கா. அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன், அதுக்குள்ள இன்னொன்னு கேளுங்க கேப்டன்."

அந்தத் தடத்தில் போய்வந்த காய்கறிக்காரர்கூட வசந்தத்துக்குள் மடக்கைக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டார். இல்லத்தில் இரண்டு மணிக்கொருமுறை ஆளைப் புரட்டும்போது மெலாஹத் ஒரு சூத்திரத்தை ஒப்பிப்பாள். பன்னிரண்டாம் படுக்கைக்காரர் அதை வசவு என்று நினைத்து மேலாளரிடம் புகார் கொடுத்தார்.

அடுத்த வருடமும் மெலாஹத் ஒரே வரிதான் எழுதினாள். கடவுச்சொல் இந்தத் தடவை அவள் தலைக்குள் இருந்தது. ஜெவ்தெத் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முடிவு வந்தபோது பாதி மார்க்கை வைத்துக்கொண்டே இரண்டு புள்ளி மிச்சத்தில் நர்ஸிங் கிடைத்திருந்தது.

"பாத்தியா? நான் மட்டும் தேனீ போடலைன்னா நீ இவ்வளவு படிச்சிருப்பியா?" என்றான் ஜெவ்தெத்.

மெலாஹத் கணக்குப் புத்தகத்தை மூடி அவன் மடியில் வைத்தாள்.

வகுப்பு தொடங்கும் நாள் காலை அவள் மினிபஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு இருக்கை தவிர எல்லாம் நிரம்பியிருந்தது. ஜெவ்தெத் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடு. ஒன்பது மணிக்கு வகுப்பு."

"ஒரு சீட்டு காலியா இருக்கே."

மெலாஹத் தன் பையைத் தூக்கி அந்த இருக்கையில் வைத்தாள்.

"காலியில்ல. என்னோட இருபத்தெட்டுப் புள்ளி அதுல உக்காந்திருக்கு. எடு."

பயணிகள் சிரித்தார்கள். மினிபஸ் ஓட்டத் தொடங்கிய பதினேழு வருடத்தில் முதல்முறையாக ஜெவ்தெத் இருக்கை நிரம்பாமல் வண்டியை எடுத்தான்.