ஜக்கில் இருந்த தண்ணீர்

பல்லி விழுந்தாலே பாதி உயிர் போய்விடும் அவளுக்கு. அப்படிப்பட்டவள்தான் தெருவுக்கே குடிதண்ணீர் திறந்துவிடும் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தாள்.

நிலையம் மூன்று தரப்புக்குப் பொது. இடம் நகராட்சியுடையது, இயந்திரம் சாயப்பட்டறை கொடுத்தது, நடத்துவது தெருச் சங்கம். ஒருவரையொருவர் நம்பாததால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாதக் கூட்டத்தில் நிலையத்துத் தண்ணீரை எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் குடித்த பிறகுதான் பேச்சே தொடங்கும்.

அன்று காலை குழாயைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. பட்டறைக் கழிவு கலந்திருக்குமோ? நகராட்சி இன்ஜினியரிடம் ஓடினாள்.

"சார், தண்ணி சரியில்ல சார்."

"இன்னைக்குன்னு பாத்தா? நிதி குடுக்கிறவங்க கூட்டத்துக்கு வர்றாங்கம்மா. கேன் தண்ணி வாங்கி ஜக்குல ஊத்து."

"கூட்டம் முடிஞ்சதும் தெருவுக்குத் திறக்கணுமே சார்?"

"திற. ஒருநாள்ல ஒண்ணும் ஆயிடாது."

கேனை வாங்கி ஜக்கில் கவிழ்த்தாள். புருஷனுக்கு அதே பட்டறையில் வேலை; வாயைத் திறந்தால் இரண்டு சம்பளமும் போய்விடும். திறக்காவிட்டால், தெருமுனைக் குழாயில் முதலில் பாட்டில் பிடிப்பது அவள் மகள்.

கூட்டத்தில் எல்லாரும் குடித்தார்கள். "தேன் மாதிரி இருக்கு!" என்றார் பட்டறை மேனேஜர். சங்கத் தலைவி அவளுடைய நாத்தனார்தான். "என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஜக்குக்குள்ள பல்லியா?" என்று கேட்டதும் அறையே சிரித்தது.

"அது கேன் தண்ணி." குரல் அவளுடையதாகவே இல்லை. "நம்ம தண்ணி நாறுது."

சிரிப்பு அப்படியே அடங்கியது. இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?"

நாத்தனார் டம்ளரைத் தட்டென்று வைத்தாள். "யார் தப்புன்னு சாயங்காலம் வரைக்கும் அடிச்சுக்கலாம். முதல்ல தெரு வால்வைத் திறக்கக் கூடாது. சார், நீங்க லாரித் தண்ணிக்குச் சொல்லுங்க. மேனேஜர் சார், உங்க கழிவுக் குழாயை மூடுங்க."

மேனேஜர் அவளை முறைத்தார். பிறகு போனை எடுத்தார்.

சாயங்காலம் புருஷன் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்தான்.

"பட்டறைக் கழிவுத் தொட்டியில விரிசலாம்டி. அடைக்கிற வரைக்கும் பட்டறை மூடல்."

"வேலை?"

"தெரியல."

விரிசலை அடைத்து, அவனை மறுபடி கூப்பிடும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் ஆள் நிழல் தெரிந்தாலே திடுக்கிட்டாள். அதன்பின் கூட்டங்களில் எல்லார் கண்ணெதிரிலும்தான் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். டம்ளரைத் தொடுமுன் மேனேஜர் அவள் பக்கம் திரும்புவார்: "இன்னைக்கு என்ன பயம், சொல்லும்மா." நடுங்கிக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் சொல்லாமல் விட்டதில்லை.

வருஷங்கள் கழித்து அவள் இறந்தபின் நடந்த கூட்டத்திலும் மேனேஜர் பழக்கத்தில் அவள் நிற்கும் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டார். யாரும் டம்ளரை எடுக்கவில்லை.