தேர்தலன்று பெய்த மழை

திருச்சுழியில் எழுந்தருளிய திருமேனிநாதன் தாளிணையைத் தலைமேற்கொண்டு தொடங்குகிறேன்.

மேப்பிள் இலைகள் மழையில் ஊறிய மணம்... அருப்புக்கோட்டையில் அமர்ந்திருக்கும் இப்பொழுதும், கண்மூடினால் அது வந்து சூழ்கிறது.

என் தம்பி மகள் கோமதி, பரளச்சியில் பிறந்தவள். கனடாவில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு சிறு நகரத்தின் நகரசபை உறுப்பினரானாள். பஸ் நிறுத்தங்களில் குவியும் பனியை முதல் வேலையாக அள்ள வைத்தவள் என்று அவளுக்குப் பெயர். பின்பு மாகாணச் சட்டமன்றத்துக்கு நின்றாள். அந்த இலையுதிர் காலத்தில் நான் அவள் வீட்டில் இருந்தேன்.

வாக்குப்பதிவன்று விடியலிலேயே மழை. கரிசல் மண்ணில் பிறந்தவன் அல்லவா... வாசலில் நின்று இரு கைகளிலும் ஏந்திக்கொண்டேன்.

"ஆத்தா, சகுனம் நல்லாருக்கு. நீ ஜெயிச்சாச்சு!"

கோமதியின் முகம் வாடியிருந்தது. "போங்க பெரியப்பா. மழை பேஞ்சா நம்ம ஆளுக வெளியவே வரமாட்டாக. பூராம் வயசானவுக."

"வருண பகவானுக்கு இங்க ஓட்டு இல்ல மாமா" என்று சிரித்தபடி அவள் கணவர் கார்ச் சாவியை எடுத்தார். "குடையப் பிடிங்க, கூட்டியாரப் போவோம்."

வீடு வீடாகச் சென்று முதியோரை ஏற்றினோம். மொழியறியாத நான் கைகூப்பி வணங்க நினைத்தால் குடை சாயும்; குடையை நிமிர்த்தினால் வணக்கம் போய்விடும்...

ஒரு வெள்ளைக்கார அம்மையார் படியிறங்கி, பாதி வழியில் நின்று ஏதோ சொன்னார்.

"மாமா, இவுக ஓட்டு எதிர்க்கட்சிக்குத்தானாம். இருந்தாலும் ஏறலாமான்னு கேக்குறாக."

"மழையில நிக்க வச்சா பேசுவீக? ஏறச் சொல்லுங்க மாப்பிள்ளை!"

கோமதி தோற்றாள்... மிகச் சில வாக்குகளில்.

"எதிரி ஓட்ட நம்ம காருலயே ஏத்திவிட்டவரு ஒங்க பெரியப்பா" என்று மாப்பிள்ளை கேலி செய்தார்.

"அந்தம்மாவத் திரும்பக் கொண்டுபோயி வீட்ல விட்டீகளா?" என்றுதான் கோமதி கேட்டாள்.

"விட்டோம்த்தா."

"அப்பச் சரி."

மறுநாள் அவளுக்குப் போகவேண்டிய இடம் எதுவுமில்லை. உச்சிப்பொழுதுவரை தோசை சுட்டுப் போட்டபடி எங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே செவ்விலைகள் ஓசையின்றி உதிர்ந்துகொண்டிருந்தன...

அடுத்த தேர்தலில் வென்றாள். இன்று அவள் சட்டமன்ற உறுப்பினர். போனில் அழைத்தால், "பெரியப்பா, மீட்டிங்கு இருக்கு, பெறகு கூப்பிடுறேன்" என்கிறாள். அந்த வெற்றிக்காக நாள்தோறும் விளக்கேற்றி வேண்டியவன் நான்தான்... ஆயினும் மனம், அவள் தோற்ற மறுநாளின் நீண்ட காலைப்பொழுதையே தேடிப் போகிறது.

இதனை வாசிக்கும் நீங்களும் உங்கள் இல்லத்தாரும், ஒருவர் அருகே ஒருவர் அமர்ந்து பேசும் ஓய்வு வாய்க்கப்பெற்று, நோயின்றிக் குறைவின்றி நீடு வாழ இறைவன் அருள்க.