வெற்றிலை அடைத்த பாட்டில்

பஸ்ஸில் சாராயம் குடித்தால் போலீஸ் பிடிக்குமா? ஒரு வாரமாக இதையே எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள், "குடிச்சிட்டு கலாட்டா பண்ணினாதாம்மா கேஸு, சும்மா கொண்டு போனா ஒண்ணும் இல்ல லா" என்றாள். நான் கூட்டித் துடைக்கும் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண், "கையில தெறந்த பாட்டில் இருந்தாலே பிடிப்பாங்க அக்கா" என்றாள். தெமியாங் பாசாரில் மீன்காரரிடம்கூடக் கேட்டேன். "என்னக்கா, இந்த வயசுல புதுப் பழக்கமா?" என்று சிரித்தார்.

குடிக்கப் போவது நானில்லை. என் வீட்டுக்காரரும் இல்லை. குடிக்கப் போவது முனியாண்டி.

என் வீட்டுக்காரர் பிறந்த தோட்டம் கோலப்பிலாவைத் தாண்டி பகாவ் போகும் சாலையில் இருக்கிறது. தொழிலாளிகள் இருந்த லயன் வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். ரப்பர் பால்மரம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. முனியாண்டி மட்டும் மரத்தடியில் அப்படியே இருக்கிறார். ஆடியில் படையல் போட எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருவார்கள். போன வருஷப் படையலன்று, என் வீட்டுக்காரர் போதையில் சாமி முன்னாலேயே விழுந்து கிடந்தார். நான் அழுதுகொண்டே வேண்டினேன்: "இந்த மனுஷன் அடுத்த ஆடிவரைக்கும் தொடாம இருந்தா, இவர் கையாலயே உனக்கு ஒரு முழு பாட்டில் கொண்டாந்து வைக்கிறேன்."

வேண்டும்போது யோசிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். குடியை விட்ட மனுஷன் கையில் குடியைக் கொடுத்து அனுப்ப வேண்டிவரும் என்பது பிறகுதான் உறைத்தது.

அவர் விட்டுவிட்டார். முதல் மாதம் கை நடுங்கிச் சோறு சிந்தியது. செண்டாயான் தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலைக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வந்து குளிர்ந்த தண்ணீராகக் குடித்துக்கொண்டிருப்பார். சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை. "பூனை விரதம் எத்தனை நாளைக்கு?" என்று என் காதுபடவே கேட்டார்கள். எனக்குமே உள்ளுக்குள் பயம்தான். அவர் வீட்டுக்கு வர கொஞ்சம் தாமதமானால் வாசலிலேயே நிற்பேன். ஆனால் ஆடி வந்தது. அவர் தொடவே இல்லை.

இன்னொரு சிக்கல் இருந்தது. அவர்கள் தோட்டத்து வழக்கப்படி, நேர்ந்த பாட்டிலை வீட்டு விளக்கின் முன்னால் வைத்துத் திறந்து, மூடியளவு எடுத்து வாசலில் ஊற்ற வேண்டும். அது வழிக்காவலுக்கு. அதற்குப் பிறகு பாட்டிலை மூடக் கூடாது. மூடினால் சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி. வாயில் வெற்றிலையைச் சுருட்டி அடைத்துக் கொண்டுபோக வேண்டும். எங்களிடம் கார் இல்லை. மோட்டார் சைக்கிளில் போனால் சிந்தும். ஆக, பஸ்தான்.

படையலன்று காலை அப்படியே செய்துவிட்டு, அவர் பாட்டிலை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் யாருக்கும் தெரியாமல் மூடியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

சிரம்பானிலிருந்து கிளம்பியது முதல் என் கண் அந்தத் துணி மேலேயே இருந்தது. புக்கிட் பூத்துஸ் மலை வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து போனபோது வெற்றிலை ஊறி, துணி நனைந்துவிட்டது. பிராந்தி வாசம் பஸ் முழுக்கப் பரவியது. கோலப்பிலா தாண்டியதும் முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் ஆபிஸ் அட்டை தொங்கியது. நம்ம தமிழ்ப் பிள்ளைதான்.

"அங்கிள், இது பப்ளிக் பஸ் லா. இதுல குடிக்கிறது கிரிமினல் கேஸு, தெரியுமா? போலீஸுக்குப் போன் பண்ணவா?"

"பண்ணும்மா, பண்ணு," என்றார் பின்னால் இருந்த ஒரு பெரிய மீசைக்காரர். "இவனுங்களாலதான் நம்ம மானம் கப்பலேறுது."

விலங்கு மாட்டிக் கூட்டிப்போவது வரைக்கும் என் மனசு ஓடிவிட்டது. ஜாகா வேலை போகும். வேலை போனால் வீட்டில் உட்காருவார். உட்கார்ந்தால் பழையபடி ஆரம்பிப்பார்.

அவர் கோபப்படவில்லை. "குடிக்கலம்மா. சாமிக்குக் கொண்டு போறேன்."

"எந்த சாமி? உன் வயித்துக்குள்ள இருக்கிற சாமியா?" என்றார் மீசைக்காரர். நாலு பேர் சிரித்தார்கள்.

டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். வயசான மலாய்க்காரர். "பாங், மினும் கெ?" என்று கேட்டார், அண்ணே குடிக்கிறீர்களா என்று. என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, நீங்களே மோந்து பாருங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு வாயைத் திறந்து ஊதினார். டிரைவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, இவர் குடிக்கவில்லை என்றார். போலீஸ் கேஸா இல்லையா என்பது தனக்குத் தெரியாது, அதைப் போலீஸ்தான் சொல்ல வேண்டும், ஆனால் திறந்த பாட்டில் பஸ்ஸுக்குள் கூடாது என்பது தங்கள் கம்பெனிச் சட்டம், அது தெரியும் என்றார். மூடுங்கள், இல்லையென்றால் வெளியே ஊற்றிவிடுங்கள், இரண்டும் முடியாது என்றால் இறங்கிக்கொள்ளுங்கள். மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் அவசரமாகக் கைப்பையைத் துழாவி மூடியை நீட்டினேன். "ஏங்க, இந்தாங்க. சாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

அவர் மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மூடினா அங்க போய் மறுபடியும் தெறக்கணும்ல? காலையில தெறந்தது சாமிக்கு. இனிமே என் கையால எந்த பாட்டிலையும் தெறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். மீசைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏறும்போது தலையைக் குனிந்துகொண்டு ஏறிய நான், இறங்கும்போது எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டேதான் இறங்கினேன்.

நல்ல வெயில். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தூசி கிளப்பிக்கொண்டு போயின. நான் குடையை விரித்துப் பாட்டிலுக்குப் பிடித்தேன். மிச்ச நிழல் இருந்தால் அவருக்கு, அதற்குப் பிறகு எனக்கு. நான் துணியையே பார்த்து வருவதை அவர் கவனித்துவிட்டார்.

"நல்லா பாத்துக்கிட்டே வா. கொறஞ்சா சொல்லு."

"வளைவுல சிந்தினதுதான் கொறஞ்சிருக்கு."

"அது புக்கிட் பூத்துஸ் முனி குடிச்சது," என்றார். இருவரும் சாலையோரத்தில் நின்று சிரித்தோம். அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

தோட்டத்துக்குள் நுழையும்போது படையல் ஆரம்பித்திருந்தது. அவருடைய அக்கா வீட்டுக்காரர் பாட்டிலை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "என்ன மாப்ள, கழுத்து வரைக்கும் அப்படியே இருக்கு? தண்ணி ஏதும் கலக்கலயே?"

பூசாரி, என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன், பாட்டிலிலிருந்து சில சொட்டு எரிகிற சூடத்தில் தெளித்தார். குப்பென்று நீலமாக எழும்பியது. "போதுமா?" என்று அக்கா வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

பூஜை முடிந்ததும் ஆண்களின் கையில் பிரசாதமாக அதை ஊற்றுவார்கள். என் வீட்டுக்காரர் முறை வந்தபோது நான் முன்னால் நகர்ந்து வந்து நின்றேன். வேண்டாம் என்று சாமி பிரசாதத்தைத் தள்ளவும் முடியாது. குடித்தால் ஒரு வருஷம் போச்சு. அவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். குனிந்து முனியாண்டியின் காலடியிலேயே ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, அது பிரசாதம்யா!" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"அவன் பங்க அவன் குடுத்துட்டான்," என்றார் பூசாரி. "அடுத்த ஆளு, கைய நீட்டு."

சாயங்காலம் ரோட்டில் நின்று கைகாட்டிய பஸ்ஸில் அதே டிரைவர்தான் பகாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. எங்களை அடையாளம் கண்டு, வெறும் கையைப் பார்த்து, சேர்த்துவிட்டீர்களா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் படியில் நின்றபடியே அவர் முகத்துக்கு நேராக மறுபடியும் ஊதிக் காட்டினார்.

"நாயிக், நாயிக்," ஏறுங்கள் ஏறுங்கள் என்று டிரைவர் சிரித்தார்.

பஸ்ஸில் குடிப்பது குற்றமா என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அன்றைக்கு அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. எப்போதும் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற நான், அன்று முன் சீட்டில் போய் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி அவரைக் கூப்பிட்டேன்.